வீட்டுக்கு நாலு சால் தனி, மார்க்கெட்டுக்கு மீதி: மனசு கேக்க மாட்டேங்குது

கத்தரிக்காட்டான் – கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு ஏக்கர்ல வரிக்கத்தரி போட்டிருக்கேன், சொட்டுநீர்ல. நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. அப்பா தவறினதும் காடு தரிசாக் கிடக்குதேன்னு வந்துட்டேன். அதனால என்னை எல்லாம் தெரிஞ்ச சம்சாரின்னு நினைச்சுக்காதீங்க. தெரிஞ்சதுல பாதி உரக்கடைக்காரர் சொல்லிக் குடுத்தது.

கிணத்து மேட்டை ஒட்டி நாலு சால் இருக்கு. அதுக்கு மருந்தே அடிக்கிறதில்லை. எங்க வீட்டுக்கு, தங்கச்சி வீட்டுக்கு, மாமியார் வீட்டுக்கு எல்லாம் அதுலதான் பறிப்போம். அப்பா காலத்துலயே இருந்த பழக்கம். ஊர்ல நிறையப் பேர் இப்படித்தான் வச்சிருக்காங்க. யாரும் ஒளிச்சு வைக்கிறதும் இல்லை, வெளியில சொல்லிக்கிறதும் இல்லை. நானும் இத்தனை நாளா அதை ஒரு விஷயமாவே நினைச்சதில்லை.

போன செவ்வாக்கிழமை பறி. மூணு பொம்பளை ஆளுங்க வந்தாங்க. பறிச்சு முடிச்சுட்டுப் போறப்ப ஆளுக்கு ஒரு கிலோ மடியில போட்டுக்கிட்டுப் போவாங்க, அதுக்கெல்லாம் கணக்குப் பார்க்கிறதில்லை. அன்னைக்கு எங்க தெரு அக்கா ஒருத்தங்க நடுக்காட்டுச் சால்லயே பறிச்சு மடியைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நான் அதுக்கு மொத நாள் சாயங்காலம்தான் மருந்து அடிச்சிருந்தேன். காய்ல காம்புக்குக் கீழ வெள்ளை வெள்ளையாப் பொட்டு காஞ்சு நிக்குது, மூணு அடி தள்ளி நின்னே பார்க்கலாம். யோசிக்கிறதுக்கு முன்னாடி வாய் சொல்லிருச்சு: "அக்கா, அதைக் கொட்டிட்டு மேட்டுச் சால்ல பறிச்சுக்கங்க."

அவங்க மடியைப் பார்த்தாங்க. ஓரத்துல கட்டி வச்சிருந்த மூட்டைங்களையும் ஒரு பார்வை பார்த்தாங்க. "அப்ப அது யாருக்குத் தம்பி?"

சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாங்க. பதிலுக்குக்கூட நிக்கலை. மூட்டைக்குள்ளயே கொட்டிட்டு மேட்டுக்குப் போயிட்டாங்க.

ஏழு மூட்டையும் அன்னைக்கே மார்க்கெட்டுக்குப் போச்சு. கிலோ 22 ரூபாய்க்கு விழுந்தது. இந்த வருஷத்துல எனக்குக் கிடைச்ச நல்ல விலை அதுதான். வேற நாளா இருந்தா வர்ற வழியில புரோட்டா வாங்கிட்டு வந்திருப்பேன்.

என் பக்கத்தையும் சொல்லிடறேன். கத்தரியில புழு எப்படின்னு போட்டவங்களுக்குத் தெரியும். மொதல்ல கொழுந்துல இறங்கும், தலை சாஞ்சுரும். காய் வந்ததும் காய்க்குள்ள போயிரும். மண்டியில ஒரு ஓட்டைக்காய் கண்ணுல பட்டா மூட்டைக்கே விலை இறங்கும். திருப்பூர்ல நான் பத்து வருஷம் பார்த்த வேலையும் இதேதான், ஓட்டை இருக்கிற பீஸை ஓரங்கட்டுறது! கூட்டுறவு சொசைட்டியில நகை இருக்கு. உரக்கடையில பாக்கி இருக்கு. அஞ்சு நாளைக்கு ஒரு பறி, ஒவ்வொரு பறிக்கும் ஒரு தடவை அடிச்சுட்டுதான் இருக்கேன். கடையில குடுக்கிறது பச்சை முக்கோணம் போட்ட மருந்து, பச்சைன்னா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க. ஒண்ணும் ஆகாதுன்னா நான் ஏன் அந்த அக்காவைக் கொட்டச் சொன்னேன்?

மருந்தே அடிக்காம விட்டா கடன் கட்ட முடியாது. அடிச்சா இந்தக் கேள்வி காதுலயே நிக்குது. உங்கள்ல யாராவது இதுக்கு ஒரு வழி பண்ணியிருக்கீங்களா?


பெரம்பூர்வாசி

நான் வாங்கித் திங்கிற ஆள். மொதல்ல படிச்சப்போ உங்க மேல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் நேத்து காய்கறிக் கடையில நான் என்ன பண்ணினேன்னு யோசிச்சேன். கத்தரிக்காயை ஒவ்வொண்ணா எடுத்துச் சுத்திப் பார்த்து, ஓட்டை இருந்தா திருப்பிப் போட்டு, பளபளன்னு இருக்கிறதா அரைக்கிலோ பொறுக்கினேன். கடைக்காரர் "எல்லாத்தையும் நீங்களே கலைச்சா மத்தவங்க என்ன சார் வாங்குவாங்க"ன்னு சொல்ற அளவுக்கு.

எங்க அம்மா கத்தரிக்காயை நாலா வகுந்து பார்த்து, புழு இருந்த பக்கத்தை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு மீதியைக் குழம்புல போடுவாங்க. என் வீட்டுல இன்னைக்கு ஒரு புழுவைப் பார்த்தா காயோட பையே குப்பைக்குப் போயிரும். உங்க மண்டிக்காரர் கேக்குறது எனக்காகத்தான். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை.


சும்மாஇருங்கப்பா

நண்பா, ரொம்ப யோசிக்காதே. நீ ஒருத்தன் நிறுத்தினா என்ன ஆகப்போகுது? மண்டியில உன் காயும் பக்கத்துக் காட்டான் காயும் ஒரே குவியல். நீ மருந்து அடிக்காத காய்னு நெத்தியில எழுதி ஒட்டினாலும் ஒரு ரூபா சேர்த்துக் குடுக்க மாட்டான். 2015-ல கேரளாக்காரங்க நம்ம காய்ல மருந்து அதிகம்னு எவ்வளவு பெரிய பிரச்சனை பண்ணினாங்க! இன்னைக்கும் ஒட்டன்சத்திரத்துல இருந்து லாரி அந்தப் பக்கம் போய்க்கிட்டுதான் இருக்கு.

வீட்டுக்குத் தனியா வச்சுக்கிறது புத்திசாலித்தனம். அதுல என்ன குத்தம்? கடனைக் கட்டு மொதல்ல. மனசாட்சி எங்கயும் ஓடிப்போகாது.


வரப்போரம்

தம்பி, நான் நத்தம் பக்கம். இருபத்தஞ்சு வருஷமா கத்தரி, வெண்டை, அவரைன்னு மாத்தி மாத்தி வச்சிட்டிருக்கேன். மேல ஒருத்தர் சொன்னதுல குவியல் விஷயம் உண்மை. அதை மறுக்க முடியாது. ஆனா நீங்க கேட்டதுக்கு அது பதில் ஆகாது.

மொதல்ல அந்தப் பச்சை முக்கோணம். நீங்க மட்டும் இல்லை, நானே ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு அது சொல்றது மருந்தோட விஷத்தன்மையை, அதாவது உடம்புக்குள்ள போனா எவ்வளவு வேகமா ஆளைச் சாய்க்கும்ங்கிறதை. அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கலாம்ங்கிறது வேற கணக்கு. அது டப்பாவோட மடிச்சு வச்சிருக்கிற பேப்பர்ல எறும்பு மாதிரி எழுத்துல இருக்கும், காத்திருப்புக் காலம்னு. குளோரான்ட்ரனிலிப்ரோல்னு ஒரு புழு மருந்து, அதுவும் பச்சை முக்கோணம்தான், கத்தரிக்கு 22 நாள் போட்டிருக்கு. நீங்க அஞ்சு நாளைக்கு ஒரு பறி எடுக்கிறீங்க. நடுவுல நாலஞ்சு பறி மார்க்கெட்டுக்குப் போயிருது. எமாமெக்டின்னு இன்னொரு புழு மருந்து, அது கத்தரிக்கு 3 நாள். உங்க கடையில என்ன குடுக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது, பேரைப் பார்த்துட்டு அந்தப் பேப்பரைப் படிங்க. கண்ணு தெரியலைன்னா போன்ல போட்டோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க, நான் அப்படித்தான் பண்றேன்.

ரெண்டாவது, நீங்க அடிக்கிற நேரமே தப்பு. அந்துப்பூச்சி இலையில முட்டை வைக்குது. பொரிச்சு வர்ற புழு கொஞ்ச நேரத்துல கொழுந்துக்கோ காய்க்கோ ஓட்டை போட்டு உள்ள போயிருது. உள்ள போனது உள்ளதான், நீங்க வெளியில குளிப்பாட்டினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. பறிக்கு மொத நாள் அடிக்கிறதுல புழுவுக்கு நோவே கிடையாது. நோவு திங்கிறவனுக்குத்தான்.

நான் என்ன பண்றேன்னா, காலையில காபி குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சுத்து. தலை சாஞ்ச கொழுந்தை எல்லாம் ஒரு அங்குலம் கீழ சேர்த்துக் கிள்ளி வாளியில போட்டுக்குவேன். கிள்ளின இடத்துல பக்கக் கிளை வெடிச்சு வரும், நஷ்டம் இல்லை. சொத்தைக் காயை வரப்புல கொட்டுவீங்கதானே? எல்லாரும் கொட்டுவாங்க. அந்தப் புழு மண்ணுல இறங்கிக் கூடு கட்டி, அந்துப்பூச்சியாத் திரும்ப உங்க காட்டுக்கேதான் வரும். குழி தோண்டிப் புதைங்க. இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு அஞ்சு வைங்க, ஆண் அந்துப்பூச்சி விழும். எத்தனை விழுதுன்னு பார்த்துட்டு அப்புறம் மருந்தை எடுங்க. கிழமை பார்த்து அடிக்கிறதை விடுங்க. வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு 10 கிலோவை ராத்திரி ஊறப்போட்டு, துணியில வடிகட்டி 200 லிட்டர் ஆக்கினா ஒரு ஏக்கருக்கு ஆச்சு, பால் மாதிரி இருக்கும். கொஞ்சம் காதி சோப்பு கலந்தாத்தான் இலையில நிக்கும். சாயங்காலம் அடிங்க. அப்புறம் இந்தத் தடவை முடிஞ்சதும் அதே மண்ணுல திரும்பக் கத்தரி வைக்காதீங்க.

இவ்வளவு பண்ணியும் எனக்குப் புழு விழத்தான் செய்யுது. விழாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்ப உங்ககிட்ட ரெண்டு கேள்வி. ஒண்ணு, அந்த நாலு சால்ல நூறு காய் பறிச்சா எத்தனை ஓட்டை? மருந்து அடிச்ச பக்கத்துல நூத்துக்கு எத்தனை? எண்ணிப் பார்த்திருக்கீங்களா? ரெண்டு, கிணத்து மேடு காட்டுக்கு எந்தப் பக்கம்? நம்ம பக்கம் ஆடிக்காத்து மேற்க இருந்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். மேடு கிழக்க இருந்தா, நடுக்காட்டுல அடிச்சது எல்லாம் காத்துல வந்து உங்க வீட்டுச் சால்லயும் படிஞ்சிருக்கும்.


பூங்கொடியாள்

எல்லாரும் திங்கிறவங்களைப் பத்தியே பேசறீங்க.

எங்க அம்மா திண்டிவனம் பக்கம் காய் பறிக்கிற வேலைக்குத்தான் போனாங்க. நான் நர்சிங் படிச்சது அந்தக் கூலியிலதான். கத்தரிக்குப் போன நாள்ல ராத்திரி சோறு பிசையும்போது கை எரியுதுன்னு சொல்வாங்க. காம்பு முள்ளு குத்தினதுன்னுதான் நாங்க நினைச்சோம். மொத நாள் மருந்து அடிச்சதா இல்லையான்னு காட்டுக்காரங்க சொன்னதும் கிடையாது, அம்மா கேட்டதும் கிடையாது. வேலைக்கு வர்ற இடத்துல அதையெல்லாம் எப்படிக் கேக்கிறது?

அண்ணா, அந்த அக்கா மடியில இருந்த ஒரு கிலோவைக் கொட்டச் சொன்னீங்க. சரி. அதுக்கு முன்னாடி காலையில இருந்து ஏழு மூட்டையை அவங்க வெறுங்கையிலதானே பறிச்சாங்க? அந்த வெள்ளைப் பொட்டு அவங்க கையில எவ்வளவு ஒட்டியிருக்கும்? அதே கையில வெத்தலை போட்டிருப்பாங்க, டீ குடிச்சிருப்பாங்க. நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன், அதைப் பத்தி ஒரு வரி இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க. மனசு உறுத்துதுன்னு எழுத வந்த நீங்களே அதைப் பார்க்கலைங்கிறதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.


சும்மாஇருங்கப்பா

தங்கச்சி சொன்னது நியாயம். அது எனக்கும் தோணலை.


கத்தரிக்காட்டான்

ஒரு மாசம் ஆச்சு, மன்னிக்கணும். பூங்கொடியாள் எழுதினதைப் படிச்சுட்டு உடனே பதில் போட முடியலை. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு. அக்கா கையை நான் பார்க்கவே இல்லை. அவங்க மடியைத்தான் பார்த்தேன், ஏன்னா அது சாப்பிடுற காய்.

வரப்போரம் ஐயா, எண்ணினேன். நாலு சால்ல நூறு காய்க்கு 41 ஓட்டை. மருந்து அடிச்ச பக்கத்துல 23. அடிச்சும் 23! ஒரு நிமிஷம் அந்தக் குவியலையே பார்த்துட்டு நின்னேன். மொத்தமாப் பார்த்தா ஒரு பறிக்குச் சுமார் 70 கிலோ நல்ல காய் கூடக் கிடைக்குது. ஒரு தடவை அடிக்க மருந்தும் ஆள் கூலியுமா 1,400 ஆகுது. கிலோ 22 வித்த அன்னைக்குக் கமிஷன் போக ஏதோ கட்டுச்சு. 8, 10-க்கு விழுந்த நாள்ல எல்லாம் உரக்கடைக்குத்தான் உழைச்சிருக்கேன். எனக்குப் பாக்கி ஏன் குறையவே மாட்டேங்குதுன்னு இப்பத்தான் கணக்கு வந்துச்சு.

மேடு கிழக்கதான் ஐயா இருக்கு. இதை வீட்டுல சொன்னப்போ யாரும் பேசலை.

கடையில குடுத்த மருந்தோட பேப்பரையும் படிச்சேன். நீங்க சொன்ன 22 நாள் மருந்தேதான். தேதி போட்டு எழுதி வச்சேன். 22 நாள் பறிக்காம விட முடியுமான்னு கேட்டா முடியலை. ரெண்டு பறியை மட்டும் விட்டேன், முத்திப்போன காயை எல்லாம் பறிச்சுப் புதைச்சேன். மூணாவது பறியை மார்க்கெட்டுக்கு ஏத்திட்டேன். அதாவது 16-ஆம் நாள். பொய் சொல்ல வேண்டாம்னு இதையும் எழுதறேன். சொசைட்டியில வட்டி கட்டுற நாள் அது.

அதுக்கப்புறம் அந்த மருந்தைத் தொடலை. காலையில கொழுந்து கிள்ளப் போறேன், மொத வாரம் ரெண்டு வாளி வந்துச்சு, இப்ப கால் வாளிதான். வேப்பங்கொட்டை ரெண்டு தடவை. பொறியில அந்துப்பூச்சி நிறைய விழுந்த வாரத்துல எமாமெக்டின் ஒரு தடவை அடிச்சேன், மூணு நாள்னு போட்டிருந்தது, அஞ்சு நாள் விட்டுத்தான் பறிச்சோம். மருந்து அடிச்ச மறுநாள் பறியே வைக்கிறதில்லை. அக்காவுக்குக் கையுறை வாங்கிக் குடுத்தேன், ரெண்டு நாள் போட்டாங்க, மூணாம் நாள் வரப்புல கழட்டி வச்சுட்டாங்க, காம்பு பிடிபடலையாம். அதனால நாள் தள்ளிப் பறிக்கிறது ஒண்ணைத்தான் இப்ப நம்பியிருக்கேன். என்னைக்கு என்ன அடிச்சேன்னு மோட்டார் ரூம் கதவுல சாக்பீஸ்ல எழுதிப் போடறேன். அக்கா வந்ததும் அதைப் பார்த்துட்டுதான் காய் பறிக்கிற சாக்குப்பையை வெளியில எடுக்கிறாங்க.

வருமானம்? போன பறி அஞ்சு மூட்டை. மண்டிக்காரர் "என்னப்பா சொத்தையாக் கொண்டு வர்றே"ன்னு கிலோவுக்கு ரெண்டு ரூபா குறைச்சுட்டார். மருந்துச் செலவு குறைஞ்சதுல பாதி ஈடு கட்டுது, பாதி கட்டலை. உழவர் சந்தைக்கு அட்டை வாங்க எழுதிக் குடுத்திருக்கேன், அங்க கமிஷன் இல்லை. வாங்குறவங்க முகத்தைப் பார்த்து விக்கணும், அது கொஞ்சம் பயமாவும் இருக்கு.

வீட்டுக்குன்னு தனிச் சால் வைக்கிறதை விட்டுட்டோம். செடியைப் பிடுங்கலை, அதுவும் மத்த சால் மாதிரி ஆயிருச்சு, அவ்வளவுதான். வீட்டுக்கு வேணும்னா மார்க்கெட்டுக்குக் கட்டுற மூட்டையில இருந்து எடுக்கணும்னு சொன்னது என் வீட்டுக்காரி. அவளே மொத நாள் அந்தக் காயை உப்புத் தண்ணி, புளித் தண்ணின்னு மூணு தடவை கழுவினா. அஞ்சு நாள் ஆச்சுன்னு எனக்குத் தெரியும், தேதியை எழுதினதே நான்தான். அப்படியும் எண்ணெய்க் கத்தரிக்காயைத் தட்டுல வச்சப்போ மொத வாய்க்குக் கை போகலை. மாமியார் வீட்டுக்கும் அதுலதான் அனுப்பினோம், அங்க சொல்லலை.

இப்ப ஒரு சந்தேகம். நேத்துல இருந்து செடியை ஆட்டினா வெள்ளை ஈ பறக்குது. உரக்கடையில ஒரு மருந்து எடுத்து வச்சிருக்கார், நான் வாங்கலை. அதுக்கு வேற என்ன பண்ணலாம்?


வரப்போரம்

அடிக்காம இருந்ததே நல்லது. புழுவுக்குன்னு பைரித்ராய்டு வகை மருந்தை (சைபர்மெத்ரின் மாதிரி) திரும்பத் திரும்ப அடிச்ச காட்டுல வெள்ளை ஈ அதிகமாப் பெருகும், அதுக்குன்னு இன்னொண்ணு அடிச்சா அதுவும் அப்படித்தான் போகும். பூச்சி ஒட்டிக்கிற மஞ்சள் அட்டை ஏக்கருக்கு அஞ்சு, செடி உசரத்துக்குக் கட்டுங்க. வாங்க முடியலைன்னா பழைய எண்ணெய் டின்னுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்க, தூசி ஏறினா துடைச்சுட்டுத் திரும்பத் தடவணும். வேப்பங்கொட்டைக் கரைசலை இலைக்கு அடியில படுற மாதிரி அடிங்க, ஈ அங்கதான் உக்காந்திருக்கும்.

அப்புறம் அந்த 16-ஆம் நாளைப் பத்தி. நானா இருந்தா 12-ஆம் நாளே ஏத்தியிருப்பேன். அட்டை வந்ததும் சொல்லுங்க, உழவர் சந்தையில எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார்.


கத்தரிக்காட்டான்

சரிங்க ஐயா. எண்ணெய் டின் ரெண்டு இருக்கு. நாளைக்குக் கட்டிடறேன்.